உதிராத பூ, உதிர்ந்த காடு

1943இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கால்ஸ்டன் என்ற 23 வயது இளைஞர் முனைவர் பட்டம் வாங்கினார். சோயாச் செடி எப்படிப் பூக்கத் தொடங்குகிறது என்பதுதான் அவர் ஆய்வேட்டின் பொருள். கேட்டாலே கொட்டாவி வரும் ரகம். நூலக அடுக்குகளில் தூசி தின்னும் ஆயிரக்கணக்கான ஆய்வேடுகளோடு அதுவும் போயிருக்க வேண்டியது. ஆனால் போகவில்லை. கால் நூற்றாண்டு கழித்து அதே மனிதர், வியட்நாம் காடுகளின் மேல் ராணுவ விமானங்கள் தெளித்துக்கொண்டிருந்த ரசாயனத்தை நிறுத்தச் சொல்லி வாஷிங்டனில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

கால்ஸ்டன் பெயரை இணையத்தில் தேடிப் பாருங்கள். "ஏஜென்ட் ஆரஞ்சைக் கண்டுபிடித்தவர்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது தவறு. அவர் சோயாவுக்குத் தெளித்த பொருள் வேறு, வியட்நாமில் கொட்டிய பொருள் வேறு. ஆனாலும் இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் ஓடுகிறது. அந்த நூலின் இன்னொரு முனை, நம்மூர் டெல்டாவில் தை, மாசி மாதங்களில் உளுந்து வயலுக்குள் கைத்தெளிப்பானோடு இறங்குகிறவரின் தோளில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போகும் முயற்சி.

*

முதலில் சோயா. இந்தச் செடிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எப்போது விதைத்தாலும், தான் பூக்க நினைக்கிற நேரத்தில்தான் பூக்கும்.

இதைக் கவனித்தவர்கள் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள். பைலாக்ஸி என்ற சோயா ரகத்தை வாரங்கள் தள்ளித் தள்ளி விதைத்துப் பார்த்தார்கள். முன்னால் விதைத்ததும் பின்னால் விதைத்ததும் செப்டம்பரில் ஏறக்குறைய ஒன்றாகவே பூத்தன. செடி தன் வயதை எண்ணவில்லை, பகலின் நீளத்தை எண்ணுகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். 1920இல் அந்தக் கட்டுரை வெளியானது. தாவர அறிவியலில் அது ஒரு திருப்பம்.

அந்தச் சோதனை நடந்த இடம் வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில் இருந்த ஆர்லிங்டன் பண்ணை. 1940களின் தொடக்கத்தில் அந்த நிலம் ராணுவத்தின் கைக்குப் போனது. அமெரிக்க ராணுவத் தலைமையகத்துக்கு முதலில் பார்த்த இடமும் அதுதான். ஐந்து சாலைகளுக்கு நடுவில் அகப்பட்ட அந்த மனையின் வடிவத்துக்குத்தான் ஐங்கோணக் கட்டடம் வரைந்தார்கள். பிறகு கட்டடத்தைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள், வடிவத்தை மட்டும் விடவில்லை. சோயா பூப்பதை எண்ணிக்கொண்டிருந்த நிலத்தின் பக்கத்தில் பென்டகன் வந்து உட்கார்ந்தது. கதாசிரியர் யாராவது இப்படி எழுதியிருந்தால் ரொம்பச் செயற்கையாக இருக்கிறது என்று சொல்லியிருப்போம்.

சரி, செடி பகலை எண்ணிப் பூத்தால் விவசாயிக்கு என்ன கஷ்டம்? வடக்கே போகப் போகக் கோடைப் பகல் நீளம், பனி சீக்கிரம் வந்துவிடும். தாமதமாகப் பூக்கிற ரகம் காய் முற்றுவதற்குள் உறைபனியில் மாட்டிக்கொள்ளும். சீக்கிரம் பூக்க வைக்க ஏதாவது மருந்து கிடைத்தால் சோயாவை இன்னும் பல இடங்களுக்குக் கொண்டுபோகலாம். கால்ஸ்டன் தேடியது அதைத்தான். 1942இல் சிம்மர்மேன், ஹிட்ச்காக் என்ற இருவர் ட்ரை அயோடோ பென்சாயிக் அமிலம் என்ற பொருளைத் தக்காளியில் தெளித்தால் பூக்கும் விதமே மாறுகிறது என்று எழுதியிருந்தார்கள். சுருக்கமாக 'டிபா' என்போம். கால்ஸ்டன் அதைச் சோயாவில் தெளித்தார். பூ கூடியது. அளவைக் கூட்டினார். இலைகள் கொட்டிவிட்டன.

அவர் இரண்டையும் எழுதி வைத்தார். வேறென்ன செய்வார்? ஆய்வேடு என்றால் பார்த்ததை எழுதுவதுதானே.

*

இலை ஏன் கொட்டியது என்பதைப் புரிந்துகொள்ள ஆக்சின் என்ற பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சார்லஸ் டார்வின் தன் கடைசிக் காலத்தில் மகன் பிரான்சிஸோடு சேர்ந்து புல் முளைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். முளையின் நுனியை மூடிவிட்டால் அது வெளிச்சத்தை நோக்கி வளைவதில்லை. நுனியில் ஏதோ ஒன்று உணர்கிறது, கீழே செய்தி அனுப்புகிறது என்று 1880இல் எழுதினார்கள். அந்தச் செய்தி ஒரு ரசாயனம் என்று 1920களின் பிற்பகுதியில் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் ஃபிரிட்ஸ் வென்ட் காட்டினார். ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி அகர் துண்டின் மேல் வைத்தார், பிறகு அந்தத் துண்டை மட்டும் எடுத்து நுனியில்லாத முளையின் ஒரு பக்கத்தில் வைத்தார். முளை வளைந்தது. செய்தி அகருக்குள் இறங்கியிருந்தது. அதற்குப் பெயர்தான் ஆக்சின்.

செடிக்கு நரம்பு கிடையாது. ஆக்சின் எங்கிருந்து எங்கே ஓடுகிறது, எவ்வளவு ஓடுகிறது என்பதை வைத்துத்தான் பல முடிவுகள் எடுக்கப்படுகின்றன. மென்பொருள் எழுதுகிறவன் என்பதால் எனக்கு இது உடனே பிடிபட்டது. சர்வர்கள் ஒன்றுக்கொன்று "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று சில நொடிகளுக்கு ஒருமுறை சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். சிக்னல் நின்றால் அந்த சர்வர் செத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு கழற்றிவிடுவோம். இலையும் அப்படித்தான். இலைப்பரப்பிலிருந்து காம்பு வழியாக ஆக்சின் தண்டை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும்வரை காம்பின் அடியில் உள்ள உதிர்வு அடுக்கு சும்மா இருக்கும். ஓட்டம் குறைந்தால் அந்த அடுக்கின் செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். இலை விழும். பூவுக்கும் பிஞ்சுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

டிபா செய்வது ஆக்சினின் ஓட்டத்தை மறிப்பது. கொஞ்சம் மறித்தால் நுனியின் அதிகாரம் தளர்கிறது, பக்கக் கிளைகளுக்கும் பூவுக்கும் வழி கிடைக்கிறது. நிறைய மறித்தால் இலை செத்ததாகச் செடி முடிவு செய்து உதிர்த்துவிடுகிறது. மருந்து ஒன்றுதான், அளவு வேறு. பின்னாளில், 1960களில், அமெரிக்காவில் டிபாவைச் சோயா விவசாயிகளுக்கென்றே விற்கவும் செய்தார்கள். செடி குட்டையாகி, சாயாமல் நின்று, வெளிச்சம் கீழ் இலைகள்வரை இறங்கும் என்பது கணக்கு. விளைச்சல் ஒரு வருடம் கூடியது, இன்னொரு வருடம் கூடவில்லை. மெதுவாக மறக்கப்பட்டது.

*

கால்ஸ்டன் சோயாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறைத் தலைவர் எஸ்ரா கிராஸ் வேறு மாதிரி யோசித்தார். ஆக்சினைப் போலவே நடிக்கும் செயற்கைப் பொருள்களை அதிகமாகக் கொடுத்தால் செடி கட்டுக்கடங்காமல் வளர்ந்து முறுக்கிக்கொண்டு சாகிறது. அப்படியென்றால் எதிரியின் பயிரை அழிக்கலாமே? ஜப்பானின் நெல்லை அழிப்பது அவர் மனதில் இருந்த இலக்குகளில் ஒன்று. அவரே ராணுவத்திடம் போய்ச் சொன்னார். மேரிலாந்தில் கேம்ப் டெட்ரிக் என்ற ராணுவ ஆய்வுக்கூடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்களைச் செடிகள் மேல் தெளித்துப் பார்த்தார்கள். பயன்படுத்துவதற்குள் போர் முடிந்துவிட்டது.

அந்தச் சோதனைகளில் முன்னால் நின்றவை 2,4-டி, 2,4,5-டி என்ற இரட்டையர்கள். 2,4-டி போர் முடிந்தவுடன் களைக்கொல்லியாகச் சந்தைக்கு வந்தது. புல் இனத்தை விட்டுவிடும், அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும். நெல்லும் கோதுமையும் மக்காச்சோளமும் புல் இனம் என்பதால் விவசாயிகளுக்கு அது வரம். நம்மூர் நெல் வயல்களிலும் இன்றுவரை அதை அடிக்கிறார்கள். காற்றில் பறந்து பக்கத்துப் பருத்தியிலோ பயறிலோ விழுந்தால் இலை சுருண்டுபோகும், வரப்பில் சண்டை வரும். இதே 2,4-டியை லிட்டருக்குச் சில மில்லிகிராம் என்ற அளவில் ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களில் தெளித்தால் பழம் உதிராமல் நிற்கும் என்பதைக் கலிஃபோர்னியாவில் 1940களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆக்சின் போல நடிப்பதால், உதிர்வு அடுக்குக்கு "இன்னும் உயிரோடு இருக்கிறேன்" என்ற செய்தி போகிறது. கொல்வதும் அதுதான், காப்பதும் அதுதான்.

2,4-டியையும் 2,4,5-டியையும் பாதிக்குப் பாதி கலந்தால் கிடைப்பது ஏஜென்ட் ஆரஞ்சு. பீப்பாயில் அடித்திருந்த ஆரஞ்சுப் பட்டையால் அந்தப் பெயர். 1962 முதல் 1971 வரை அமெரிக்க ராணுவம் வியட்நாமில் தெளித்த களைக்கொல்லிகளின் மொத்த அளவு 7 கோடி லிட்டருக்கும் மேல். அதில் பெரும்பங்கு இதுதான். காட்டை மொட்டையடித்து மறைவிடத்தை அழிப்பது ஒரு நோக்கம். உணவுப் பயிரை அழித்துக் கெரில்லாக்களைப் பட்டினி போடுவது இன்னொன்று. அந்தப் பயிரைத் தின்று வாழ்ந்தது கெரில்லாக்கள் மட்டுமல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2,4,5-டி தயாரிப்பில் கூடவே உருவாகும் டையாக்சின் என்ற நஞ்சு அந்த மண்ணிலும் மனிதர்களிலும் தங்கிவிட்டது.

தன் ஆய்வேட்டை டெட்ரிக்கில் படித்திருக்கிறார்கள், இலை உதிர்ப்பு ஆராய்ச்சிக்கு அதையும் எடுத்துக்கொண்டார்கள் என்பது கால்ஸ்டனுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அவர் தெளித்தது டிபா. அது ஏஜென்ட் ஆரஞ்சில் கிடையாது. "நான் கொடுத்தது அது இல்லை" என்று ஒதுங்கியிருக்கலாம். சட்டப்படியும் வேதியியல்படியும் அது சரியான வாதம். அவர் ஒதுங்கவில்லை.

1960களின் நடுவில் சக தாவர விஞ்ஞானிகளின் கையெழுத்துகளோடு ஜனாதிபதி ஜான்சனுக்குக் கடிதம் போனது. பிறகு மேத்யூ மெசல்சன் போன்றவர்களோடு சேர்ந்து அறிவியல் கூட்டங்களிலும் அரசாங்கத்திலும் விடாமல் பேசினார். வாதம் தாவரவியலில் தொடங்கியது: ஒரே தெளிப்பில் கடற்கரைச் சதுப்பு மரங்கள் செத்துவிடுகின்றன, அவை திரும்பி வரவில்லை என்றால் மீனும் இல்லை, கரையும் இல்லை. பிறகு தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்காகப் பயோனெடிக்ஸ் ஆய்வகம் செய்த சோதனை வெளியே வந்தது. 2,4,5-டி கொடுத்த எலிகளின் குட்டிகள் பிறவிக் குறைகளோடு பிறந்திருந்தன. கால்ஸ்டனும் மற்றவர்களும் அதை நிக்சனின் அறிவியல் ஆலோசகரிடம் கொண்டுபோனார்கள். 1970 ஏப்ரலில் ஏஜென்ட் ஆரஞ்சின் பயன்பாடு நிறுத்தி வைக்கப்பட்டது. அதே வருடம் வாஷிங்டனில் நடந்த ஒரு மாநாட்டில் கால்ஸ்டன் ஒரு புதுச் சொல்லை முன்வைத்தார்: ஈக்கோசைடு. சூழலைக் கொலை செய்வது. இன அழிப்பைப் போல இதுவும் சர்வதேசக் குற்றமாக வேண்டும் என்றார். அரை நூற்றாண்டு கழித்தும் அந்தச் சொல்லைச் சட்டத்துக்குள் கொண்டுவரப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

*

இதெல்லாம் ஒரு பக்கம். இலையில் தெளிப்பது என்ற வேலைக்கு இன்னொரு பரம்பரையும் உண்டு.

1840களில் பிரான்சில் யூசேப் கிரிஸ் என்பவர், மஞ்சளாகிப் போன இலைகளில் இரும்பு உப்புக் கரைசலைத் தடவினால் பச்சை திரும்புகிறது என்று காட்டினார். 1910களில் ஹவாய் தீவின் அன்னாசித் தோட்டங்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. மண்ணில் மாங்கனீஸ் அதிகம், அதனால் வேருக்கு இரும்பு கிடைக்கவில்லை. இரும்பு சல்ஃபேட்டை இலையில் தெளித்தார்கள், தோட்டங்கள் பிழைத்தன. ஆனாலும் இலை சாப்பிடும் என்பதைப் பல விஞ்ஞானிகள் முழுதாக நம்பவில்லை. அணுயுகம் வந்துதான் அது தீர்ந்தது. 1950களின் தொடக்கத்தில் மிச்சிகனில் எச். பி. டூக்கியும் சில்வன் விட்வரும் கதிரியக்கப் பாஸ்பரஸை இலையில் தடவிவிட்டுச் செடியெங்கும் கருவியால் தேடினார்கள். இலையில் வைத்தது வேர்வரை போயிருந்தது.

இந்த டூக்கி யார் தெரியுமா? 1944இல் ஹாம்னர் என்பவரோடு சேர்ந்து 2,4-டியையும் 2,4,5-டியையும் வயல் களையில் தெளித்து, அது சாவதைப் பார்த்து 'சயின்ஸ்' இதழில் எழுதிய அதே டூக்கி. இலை என்ற கதவு வழியாக நஞ்சு போனதையும் பார்த்தவர், பத்து வருடம் கழித்து அதே கதவு வழியாகச் சோறு போனதையும் காட்டியவர்.

பயறு வகைகளுக்கு இந்தச் சோறு ஏன் முக்கியம்? விதையில் புரதம் அதிகம். புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்துக் கொடுக்கிறதுதான், ஆனால் காய் பிடிக்கும் நேரத்தில் முடிச்சுகள் சோர ஆரம்பிக்கும். அப்போது செடி தன் இலைகளில் இருக்கிற நைட்ரஜனையே உருவி விதைக்குக் கொடுக்கும். இலை மஞ்சளாகி விழும். 1975–76இல் சின்க்ளேர், டி விட் என்ற இருவர் கணக்குப் போட்டு இதைச் சோயாவின் தன்னழிவு என்றே சொன்னார்கள். பிள்ளைகளுக்காகத் தன்னையே கரைத்துக்கொள்ளும் செடி.

அயோவாவில் ஜான் ஹான்வே இதற்கு மாற்று யோசித்தார். விதை எந்த விகிதத்தில் சத்துகளை எடுக்கிறதோ அதே விகிதத்தில் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், கந்தகம் நான்கையும் 10:1:3:0.5 என்று கலந்து, விதை நிரம்பும் காலத்தில் இலையில் தெளித்தால்? இலை விழ வேண்டிய அவசியம் இல்லையே. விளைச்சல் கூடியது. கார்சியாவோடு சேர்ந்து 1976இல் கட்டுரை வெளியிட்டார். அமெரிக்க விவசாயிகளிடமும் உரக் கம்பெனிகளிடமும் பெரிய பரபரப்பு. உடனே பல மாநிலங்களில் தெளித்துப் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் கூடவில்லை, சில இடங்களில் உப்புப் பட்டு இலை கருகி விளைச்சல் குறைந்தது. கணக்கு அழகாக இருந்தது, செடி சம்மதிக்கவில்லை. இலை வாய்தான், ஆனால் சின்ன வாய்.

*

காவிரி டெல்டாவில் அந்தச் சின்ன வாயை நம்பித்தான் ஆக வேண்டியிருக்கிறது. சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே ஈரவயலில் உளுந்தையோ பச்சைப்பயறையோ விதைத்துவிடுவார்கள். நெல்லை அறுத்தபின் தாளுக்கு நடுவில் பயறு தலைகாட்டும். உழவு கிடையாது, பாசனம் பெரும்பாலும் கிடையாது, அடியுரம் போட வழியே கிடையாது. மிச்ச ஈரமும் பனியும்தான். இந்தப் பருவத்துக்கென்றே ஆடுதுறை 3 போன்ற உளுந்து ரகங்கள் வந்தன. மேல்மண் காயக் காய வேரால் சத்தை இழுக்க முடியாது. அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இலைவழி டிஏபியைப் பரிந்துரைக்கிறது: 2 சதவீதக் கரைசல், பூக்கும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து இன்னொருமுறை.

மன்னார்குடிப் பக்கம் என் மாமா இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். முந்தின நாளே டிஏபியை வாளியில் ஊறவைத்துவிடுவார். மறுநாள் தெளிந்த தண்ணியை மட்டும் துணியில் வடிகட்டுவார். வெயில் தாழ்ந்தபின்தான் வயலில் இறங்குவார். ஏன் சாயங்காலம் என்றேன்.

"வெயில்ல அடிச்சா தண்ணி காஞ்சி உப்பு மட்டும் இலைல நிக்கும் மாப்ள. கருகிப்பூடும்."

அயோவாவில் இலை கருகிய கதையை அவர் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்படத் தேவையும் இல்லை.

பூ உதிர்வதுதான் பயறில் பெரிய நஷ்டம். பூக்கிற பூவில் பாதிக்கு மேல் காயாகாமலே விழும். அதற்கு என்ஏஏ என்ற செயற்கை ஆக்சின். லிட்டருக்கு 40 மில்லிகிராம். இரண்டையும் நுண்ணூட்டங்களோடு ஒரே பொட்டலத்தில் கலந்து பல்கலைக்கழகமே பயறு ஒண்டர் என்ற பெயரில் கொடுக்கிறது. ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணீரில், பூக்கும் தருணத்தில். 20 சதவீதம்வரை விளைச்சல் கூடலாம் என்கிறார்கள். ஆனால் மருந்துக்கடையில் போய் நின்றால் பூ டானிக், காய் டானிக், அந்த டானிக், இந்த டானிக் என்று வரிசையாக எடுத்து வைப்பார்கள். எதில் என்ன இருக்கிறது என்பது பல நேரம் புட்டியைப் பார்த்தாலும் விளங்காது. மாமா ஒருமுறை அப்படி ஒன்றை என்னிடம் காட்டி, "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சு சொல்லு, நீதான் இஞ்சினியராச்சே" என்றார். படித்தேன். அளவு எழுதியிருந்தது. பொருள் எழுதவில்லை.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. லிட்டருக்கு 40 மில்லிகிராம், ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் ஒரு தெளிப்பில் ஒரு ஏக்கருக்குப் போகும் என்ஏஏ 8 கிராம். வியட்நாமில் ஏஜென்ட் ஆரஞ்சை ஏக்கருக்குச் சுமார் 11 லிட்டர், தண்ணீரே கலக்காமல் கொட்டினார்கள். அதில் இருந்த மருந்தே 10 கிலோவுக்கு மேல். இரண்டும் ஆக்சின் போல நடிக்கும் பொருள்கள்தான். நடுவில் இருப்பது ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட இடைவெளி.

*

"கத்தி காய் நறுக்கவும் ஆகும், கழுத்தறுக்கவும் ஆகும், கத்தி மேல் தப்பில்லை" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. என் தொழிலில் இதைத் தினமும் கேட்கிறேன். நாங்கள் எழுதும் நிரல் எங்கே போய் உட்காரும், யாரைக் கணக்கெடுக்கும், யாரைக் கழற்றிவிடும் என்று யாராவது கேட்டால், டூல்தானே பாஸ், யூஸ் பண்றவன் பொறுப்பு என்று பதில் வரும். கால்ஸ்டனைப் படித்தபின் அந்தப் பதில் எனக்கு உறுத்துகிறது.

என்ஏஏவுக்கும் ஏஜென்ட் ஆரஞ்சுக்கும் நடுவிலுள்ள அந்த ஆயிரம் மடங்கை முடிவு செய்தது மூலக்கூறு இல்லை. ஒரு பக்கம், தன் வயலில் தானே நடந்து, தன் மூக்கால் மோந்து, விளைந்ததைத் தானும் தின்னப்போகிறவர் அளவைத் தீர்மானிக்கிறார். தப்பாகப் போனால் மறுநாள் காலையில் அவர் கண் முன்னாலேயே இலை கருகும். இன்னொரு பக்கம், அளவைத் தீர்மானித்தவர்கள் கடல் தாண்டி உட்கார்ந்திருந்தார்கள். விமானம் தெளித்துவிட்டுத் திரும்பிவிடும். கருகியதைப் பார்க்க அங்கே இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தவறு திரும்பி வந்து சேரும் தூரம்தான் வித்தியாசம். நாங்கள் நிரலில் இதை ஃபீட்பேக் என்போம். அது அறுந்த இடத்தில் எந்த அளவும் யாருக்கும் அதிகமாகத் தெரியாது.

கிராஸும் கால்ஸ்டனும் ஒரே அறிவைக் கையில் வைத்திருந்தவர்கள். ஒருவர் அதை எடுத்துக்கொண்டு தானாக ராணுவத்திடம் நடந்தார். இன்னொருவரிடமிருந்து அது அவருக்குத் தெரியாமலே போனது. தெரிந்தபின் அதன் பின்னாலேயே போனார், அறுந்த நூலைக் கட்டுகிற மாதிரி. காட்டில் என்ன நடக்கிறது என்ற செய்தியை, அளவைத் தீர்மானித்தவர்களின் மேசைக்கே கொண்டுபோய் வைத்தார். 1971இல் ஹனோய்க்கும் போய் வந்தார். பின்னாளில் யேல் பல்கலைக்கழகத்தில் அறிவியல் அறத்தைப் பாடமாக நடத்தினார், அந்த வகுப்பில் மாணவர்கள் நிரம்பி வழிந்தார்கள். 2008இல் 88 வயதில் இறந்தார். அதற்குள் சோயா அமெரிக்காவின் மிகப்பெரிய பயிர்களில் ஒன்றாகியிருந்தது, டிபாவின் உதவி இல்லாமலேயே. பகல் நீளத்துக்கேற்ற ரகங்களைத் தேர்ந்தெடுத்தே வடக்கு எல்லைவரை கொண்டுபோய்விட்டார்கள்.

வியட்நாமில் சில பழைய விமானதளங்களின் மண்ணை இன்னமும் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள்.